மாட்டியவர் கழற்றக் கூடாது

அத்தியாயம் பதினேழு

காலை பத்து மணி ஆகியும் தொலைபேசி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

வேறு கடையாக இருந்தால் நிம்மதி என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். துணி துவைக்கும் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறையில் அப்படி உட்கார முடியாது. எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினால் எட்டு முப்பத்தைந்துக்கு முதல் ஆள் கூப்பிட்டுவிடுவார். "தண்ணி வெளிய போகல, கதவும் திறக்கல, ஆபீஸ் சட்டையெல்லாம் உள்ளே மாட்டிக்கிச்சு" என்று அழாத குறையாகச் சொல்வார். மூன்று வருஷமாக அந்தப் புலம்பலோடுதான் பட்டறைக்குப் பொழுது விடிந்தது.

டீச்சர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். கொய்ங் என்று சத்தம் வந்தது. போன் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

டீச்சர் என்றதும் கையில் சாக்பீஸைத் தேடாதீர்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. எதையும் முதலிலிருந்து ஆரம்பித்து, படிப்படியாக விளக்கி, "புரிஞ்சுதா?" என்று முடிக்கும் பழக்கத்தால் வீட்டில் வைத்த பெயர் அது. வைத்தவன் கடைசித் தம்பி. அவனுக்கு இவள் பதிலுக்கு வைத்த பெயர் வாலு. இருவருக்கும் மூத்தவன் அண்ணன். அவனுக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நடுவில் ஓரிரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டவர்களுக்காக நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் சித்தப்பாவும் கூட்டாக நடத்திய பட்டறை இரண்டாகப் பிரிந்தது. கடைப் பெயர் சித்தப்பாவின் பங்கில் போனது. பெயர் போனால் அந்தப் பெயரில் இருந்த இணையதளத்தையும் காலி செய்ய வேண்டும். சித்தப்பா தங்கமான மனிதர். "பழைய விலாசம் இன்னும் ஒரு வருஷம் உங்க கையிலயே இருக்கட்டும். தேடி வர்றவங்களைப் புது இடத்துக்கு அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டார். டீச்சர் இரண்டு மாதம் முதுகொடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் புது விலாசத்துக்கு மாற்றினாள். ஒன்பது நாளைக்கு முன்னால் மாற்றம் முடிந்தது. போன அத்தியாயத்தின் கடைசியில் அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டிருந்தார்களே, அந்தச் சிரிப்புக்கு ஆயுள் அவ்வளவுதான்.

மொத்தம் முந்நூற்று நாற்பது பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கோளாறு. மெஷின் குதிக்கிறதா, கருகிய வாடை வருகிறதா, டிரம் சுற்றவில்லையா என்று எல்லாவற்றையும் அவளே எழுதினாள். ஈரத் துணியோடு நிற்கிறவர்கள் தங்கள் கஷ்டத்தைப் போனில் தட்டினால் தேடலில் முதலாவதாக அவள் பக்கம்தான் வரும். படித்துச் சரிசெய்துகொள்கிறவர்கள் சரிசெய்துகொள்வார்கள். முடியாதவர்கள் பட்டறையைக் கூப்பிடுவார்கள்.

இடம் மாறும்போது அந்த முதலிடம் பறிபோகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்திருந்தாள். பழைய பக்கத்துக்கு வருகிறவரைப் புதுத் தளத்தின் முகப்பில் இறக்கிவிட்டால் போதாது. எந்தப் பக்கத்தைத் தேடி வந்தாரோ அதே பக்கத்தில் கொண்டுபோய் விட வேண்டும். முந்நூற்று நாற்பது பழைய விலாசம், எதிரே முந்நூற்று நாற்பது புது விலாசம் என்று கையாலேயே ஜோடி சேர்த்திருந்தாள். வீடு மாறிவிட்டோம் என்று தேடுபொறிக்கும் முறையாகத் தெரிவித்திருந்தாள்.

இப்போது மேஜைமேல் இருந்த போனை எடுத்து, மெஷினில் தண்ணீர் நிற்கிறது கதவு திறக்கவில்லை என்று தட்டினாள்.

முதலாவதாக வேறு யாரோ. இரண்டாவதும் வேறு யாரோ. பத்து வரைக்கும் பார்த்தாள். அடுத்த திரைக்குப் போனாள், அதற்கடுத்த திரைக்கும் போனாள். இல்லை.

தான் எழுதிய வாக்கியத்தையே முழுசாக, ஒரு புள்ளி மாறாமல் தட்டிப் பார்த்தாள். உலகத்தில் வேறு யாரும் அப்படி எழுதியிருக்க முடியாது.

எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

பின்னுக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, ஏறி வந்துவிடலாம். இது பின்னுக்குப் போனதில்லை. அவள் எழுதிய ஒரு பக்கம்கூடத் தேடலில் இல்லவே இல்லை.

அவள் பயந்தது வேலை வராமல் போகுமே என்பதற்காக இல்லை. வேலையை எப்படியாவது பிடித்துவிடலாம். அவள் பயந்தது வாலுவுக்காக.

வாலு வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பட்டறையில் எல்லோர் முன்னாலும் அண்ணன் அவனைக் கன்னத்தில் அறைந்தான். ஏன் அறைந்தான் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அறை வாங்கியவன் போனையும் சாவியையும் வேலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். தேடாத இடமில்லை, விசாரிக்காத ஆளில்லை.

ஐந்து மாதம் கழித்து, அந்தத் தண்ணீர் நிற்கும் பக்கத்தின் அடியில் ஒரு பதில் வந்திருந்தது. வாசகர்கள் கேள்வி கேட்க அங்கே இடம் உண்டு. யாரோ ஒரு பெண்மணி பதறிப்போய் ஏதோ கேட்டிருந்தார். பெயர் போடாமல் ஒருவர் பதில் எழுதியிருந்தார்.

"முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. அப்புறம் பயப்படுங்க."

டீச்சர் அன்றைக்கு அந்த இரண்டு வரியைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் வாலு சொல்கிற முதல் வார்த்தை அதுதான்.

அன்றிலிருந்து வாரம் தவறினாலும் இரண்டு வாரம் தவறாது. தளத்தின் வருகைக் குறிப்பைப் பார்த்தால், ஒருமுறை எழுதிய ஊரிலிருந்து மறுமுறை எழுத மாட்டான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு போன். எல்லாமே தேடலில் தட்டி, முதலில் வந்த பக்கத்தைத் திறந்து வந்தவை. வீடு வீடாகப் போய் மெஷின் பார்க்கிறான், அந்த வீட்டுக்காரர் போனை வாங்கிப் பக்கத்தைத் தேடி எடுக்கிறான், கேட்டிருப்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டுப் போகிறான் என்று டீச்சர் ஊகித்திருந்தாள்.

ஒரே ஒருமுறை ஆசையை அடக்க மாட்டாமல் அவன் பதிலுக்குக் கீழே, "எங்கடா இருக்கே?" என்று எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு வாரம் ஆளைக் காணோம். அந்த ஆறு வாரத்தில் அவள் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. மறுபடி வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதன்பின் வாயே திறக்கவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அவன் ஏதாவது எழுதப்போய், இவன் ஒரேயடியாக ஓடிவிட்டால்?

ஆக, உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே வழி, தேடினால் முதலில் வரும் அந்தப் பக்கம். அதை ஒன்பது நாளாகக் காணோம். தன் கையாலேயே தொலைத்துவிட்டேனோ என்று நினைத்தபோது அவளால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பட்டறைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதே டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா ரகசியத்தில் பங்குதாரர். வெள்ளிக்கிழமை அண்ணன் உதிரிபாகம் வாங்கக் கிளம்பியதும் இறங்கி வருவாள். கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் உட்காருவாள். டீச்சர் அந்த வாரப் பதிலைப் படித்துக் காட்டுவாள். பெல்ட், பம்ப், ஃபில்டர் எதுவும் அம்மாவுக்குப் புரியாது. ஆனாலும் மகன் பரீட்சையில் முதலாவதாக வந்த செய்தியைப் போல ரசித்துக் கேட்பாள்.

"போயிட்டானா அவன்?" என்றாள் அம்மா.

"இப்பதான் போனான். வந்துடுவான் சீக்கிரம்."

"அப்ப சட்டுனு படி. போன வாரமும் ஒண்ணும் வரலைன்னுட்டே."

டீச்சர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காணோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கணினியைத் திறந்து, கீழே தள்ளி, பழைய பதில் ஒன்றில் நிறுத்தினாள்.

"ரப்பர் வளையத்துக்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க. ஹேர்பின் இருந்தா எடுத்துடுங்க. ஹேர்பின் உங்களோடது இல்லைன்னா வீட்டுக்காரர்கிட்ட நிதானமா விசாரிங்க" என்று படித்தாள்.

எப்போதும் சிரிக்கிற இடம் அது. அம்மா சிரிக்கவில்லை.

"இது மூணு மாசத்துக்கு முன்னாடி படிச்சது."

"இல்லம்மா, அதே மாதிரி இன்னொண்ணு..."

"எனக்கு முட்டிதான் போச்சு. காதும் புத்தியும் நல்லாத்தான் இருக்கு. என்ன ஆச்சுன்னு சொல்லு."

டீச்சர் சொன்னாள். இந்தத் தடவை விளக்கவில்லை, படிப்படியாகப் போகவில்லை. "பக்கத்தைக் காணோம்மா. அவன் தேடினா கிடைக்காது. நான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். எங்கேன்னு தெரியல."

"பயப்படறியா?"

"ரொம்ப."

"எனக்கும் கை நடுங்குது" என்றாள் அம்மா. நடுங்கும் கையை மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "கண்டுபிடி. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

"நீ மேல போம்மா. நீ பார்த்துக்கிட்டிருந்தா எனக்கு ஒண்ணும் ஓடாது."

அம்மா எழுந்து போனாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று ஏறினாள்.

டீச்சர் முதலிலிருந்து சரிபார்த்தாள். ஜோடிப் பட்டியல் சரி. பழைய விலாசத்தைத் தட்டினால் புதுப் பக்கம் திறந்தது, அதுவும் சரி. தேடுபொறிக்குக் கொடுத்த அறிவிப்பு சரி. பக்கங்களின் அட்டவணை சரி. எல்லாம் சரியாக இருக்க இருக்க அவளுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. தப்பு இருந்தால் திருத்தலாம். தப்பே இல்லையென்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே சோதனைத் தொட்டி. அதற்குப் பக்கத்தில் அண்ணன் வேலை முடித்து வைத்த இரண்டு மெஷின்கள். இரண்டின் திருகிலும் சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அந்த அட்டைகளையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கணினிப் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பட்டறையின் சட்டம் இது. மெஷினைத் திறந்தவுடன் அதன்மேல் தொடாதே என்று எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். வேலை முடிந்தாலும் மாட்டியவர் அதைக் கழற்றக் கூடாது. இன்னொருவர் தண்ணீர் விட்டு, ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்து, அவர்தான் கழற்ற வேண்டும். சுவரில் அண்ணன் தன் கையாலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருந்தான்.

வாலு ஒரே ஒருநாள் அவசரத்தில் தான் மாட்டிய அட்டையைத் தானே கழற்றிவிட்டான். மெஷின் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனது. உள்ளே ஒரு கம்பி உரசிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டு அம்மாளுக்கு ஷாக் அடித்தது. கை மரத்ததோடு போயிற்று, பிழைத்தார். அந்த அறை அதற்காக விழுந்தது. அன்றிலிருந்து இந்தப் பட்டறையில் யாரும் தான் மாட்டிய அட்டையைத் தொடுவதே இல்லை. அண்ணன் மாட்டியதை டீச்சர் கழற்றுவாள். டீச்சர் மாட்டியதை அண்ணன் கழற்றுவான்.

புதுத் தளத்தைக் கட்ட ஆரம்பித்த முதல் நாள், அரைகுறைப் பக்கங்கள் தேடலில் வந்துவிடக் கூடாதே என்று அவள் ஒரு வரி எழுதி வைத்தாள். இந்தப் பக்கங்களைப் பட்டியலில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்கிற வரி. ஒரே வரி, எல்லாப் பக்கத்தின் தலையிலும் ஏறிக்கொள்ளும். சிவப்பு அட்டை மாட்டியாச்சு என்று அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டதுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது.

வேலை முடிந்ததும், "அண்ணா, எல்லாப் பக்கத்தையும் ஓட்டிப் பாரு. சரியா இருந்தா முடிச்சுடலாம்" என்றாள். அவனும் இரண்டு நாள் உட்கார்ந்து முந்நூற்று நாற்பது பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டு, "சுத்தமா ஓடுது" என்றான். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டான், ஆகவே அட்டை கழன்றிருக்கும் என்று அவள் இருந்துவிட்டாள். அப்படி ஒரு அட்டை தொங்குவதே அவனுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை, அது திரையில் தெரிகிற அட்டை இல்லையே.

வரியைத் தேடி எடுத்தாள். அப்படியே இருந்தது.

அழிக்கக் கை போனது. பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனாலும் அந்த அறைச் சத்தம் காதில் கேட்டதே ஒழிய விரல் அசையவில்லை.

அண்ணன் இரண்டு கையிலும் பெட்டிகளோடு உள்ளே நுழைந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பெட்டிகளைத் தரையில் வைத்துவிட்டான்.

"என்ன? அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லா இருக்கா. இங்க வா. இதைக் கழற்று."

"எதை?"

அவள் திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவன் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டான்.

"அடிப்பாவி! ஒன்பது நாளா கடையை மூடி வச்சிருக்கியா? அழிச்சுத் தள்ள வேண்டியதுதானே?"

"நான் மாட்டினது அண்ணா."

"டீச்சர், இது கம்ப்யூட்டர். இதுல யாருக்கு ஷாக் அடிக்கப் போகுது?"

"சுவத்துல எழுதி ஒட்டினது நீதானே? கம்ப்யூட்டர் நீங்கலாகன்னு எழுதியிருக்கியா?"

அவன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். இனி மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"போன் வரலைன்னு நான் அழலண்ணா. அந்தத் தண்ணி நிக்கற பக்கம் இருக்கே... அதுக்கு அவன் வருவான். பேர் போடாம பதில் எழுதுவான். ஒம்பது மாசமா எழுதறான். உன்கிட்ட சொல்லல, தப்புதான். இப்ப அவன் தேடினா எதுவுமே வராது. நாம இல்லாம போயிட்டோம்."

யார் அவன் என்று அண்ணன் கேட்பான் என எதிர்பார்த்தாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அதான் என் கேள்விக்கு ஒம்பது நாளா பதிலே வரலையா" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"உன் கேள்வியா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் வாராவாரம் கேள்வி கேட்கிற ஒரு ஆசாமி உண்டு. போட்டுக்கொள்கிற பெயர் கத்துக்குட்டி. பெல்ட்டை எந்தப் பக்கத்திலிருந்து மாட்டுவது, எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுவது என்கிற ரகமாகத்தான் கேட்பார். இவ்வளவு மண்டு எதற்கு மெஷினில் கை வைக்கிறது என்று டீச்சருக்கே எரிச்சல் வரும். வாலு மட்டும் சலிக்காமல் பதில் சொல்வான்.

"நீயா அது? பெல்ட் எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்புறம் எதுக்குக் கேட்டே?"

"வேற என்னத்தைப் பேசறது அவன்கிட்ட?" என்றான் அண்ணன். "வாடான்னு கூப்பிட்டா ஓடிடுவான். மன்னிச்சுடுன்னு எழுதலாம்னா எனக்குக் கை வரல. பெல்ட்டைக் கேட்டேன். நாலு வரி எழுதினான். சாப்பிடறானா தூங்கறானா தெரியாது, நாலு வரி எழுதற அளவுக்கு நல்லா இருக்கான்னு நினைச்சுக்குவேன்."

டீச்சர் அவன் தோளில் தலையை வைத்து அழுதாள். வேலை நேரத்தில் அழுதால் அவனுக்குப் பிடிக்காது. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "எதை அழுத்தணும்?" என்றான். அவள் காட்டினாள். அவன் ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக, அந்த வரியை அழித்தான். அவள் தளத்தைப் புதுப்பித்தாள். தேடுபொறியிடம் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து பார்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டாள்.

"எப்ப வரும்?"

"சில பக்கம் நாளைக்கே வரலாம். சிலது வாரக்கணக்காகும். பழைய முதலிடம் திரும்பக் கிடைக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க."

"அதுக்குள்ள அவன் தேடியிருந்தா?"

மதியம் முழுக்க இருவரும் வேலை செய்வதுபோல் நடித்தார்கள். அவள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தேடிப் பார்த்தாள். அவன் சோதனைத் தொட்டிக் குழாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அம்மா மாடிப்படியின் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கும் தெரியும் என்று டீச்சர் சொன்ன பிறகு அவளால் மேலே இருக்க முடியவில்லை.

"காணோம்னதும் என்ன நினைச்சிருப்பான் தெரியுமா?" என்றான் அண்ணன் திடீரென்று. "நான் கண்டுபிடிச்சுட்டேன், கண்டுபிடிச்சு அவன் எழுதினதையெல்லாம் அழிச்சுட்டேன்னு நினைச்சிருப்பான். அந்த அறைக்கு இது ரெண்டாவது அறை."

"அப்படியெல்லாம் சொல்லாதே" என்றாள் டீச்சர். ஆனால் அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

மூன்று பேரும் துள்ளி விழுந்தார்கள். டீச்சர் எடுத்தாள்.

"மெஷின் ரிப்பேர் கடைதானே?" ஒரு பெண் குரல். நடுவயது இருக்கும், கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"ஆமாங்க. சொல்லுங்க, என்ன கோளாறு?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பதான் சரியாச்சு. சரி பண்ண வந்தவர் இருக்காரே, அவர் என் போனை வாங்கி எதையோ தேடு தேடுன்னு தேடினார். நேத்து இன்னொரு வீட்லயும் தேடினாராம், கிடைக்கலையாம். விலாசத்தையே நேரா அடிச்சா வேற ஏதோ பேர்ல கடை வருதாம். முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பயந்துட்டார் மனுஷன். நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உங்க நம்பரைச் சொன்னார்."

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் பக்கத்தில் வந்து ரிசீவரின் மறுபுறம் காதை வைத்தான்.

"அந்த வீட்ல அம்மா நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, யார் கேட்டதுன்னு சொல்லாதீங்கன்னார். நான் சொல்லிட்டேன் பாருங்க. என் வாய் அப்படி."

"அவர்... இப்ப எங்க இருக்கார்?"

"வாசல்ல. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கறார். நீங்க நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்கன்னா கிளம்பிடுவார் போல. சொல்லட்டுமா?"

போனை அவனிடம் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், இவள் குரலைக் கேட்டால், போய்விடுவான். எங்கடா இருக்கே என்று கேட்டதற்கே ஆறு வாரம். இந்தத் தடவை தேடி வருவதற்குப் பக்கமும் இல்லை.

அண்ணன் ரிசீவரை வாங்கிக்கொண்டான்.

"அம்மா, நான் அவனோட அண்ணன். பதில் இப்பச் சொல்லாதீங்க. லைன்ல நிக்கச் சொல்றாங்கன்னு சொல்லிட்டு, அவனை ஏதாவது ஒரு கேள்வி கேளுங்க."

"என்ன கேள்வி?"

"எதையாவது. மெஷினைப் பத்தி எது கேட்டாலும் பதில் சொல்லாம போக மாட்டான். உங்க வீட்டு விலாசத்தை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

அவர் சொன்னார். அண்ணன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

"ரெண்டரை மணி நேரம் ஆகும். வந்துடறேன்" என்றான்.

"ரெண்டரை மணி நேரமா! அதுவரைக்கும் நான் என்னத்தைக் கேக்கறது? எனக்குப் பட்டனை அழுத்தறதைத் தவிர ஒண்ணும் தெரியாதே!"

அண்ணன் திகைத்துத் தங்கையைப் பார்த்தான். டீச்சர் ரிசீவரைப் பிடுங்கினாள். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அம்மா படியிலிருந்து இறங்கி வந்து, மகளின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேள்வி நான் சொல்றேங்க" என்றாள் டீச்சர். கை கணினியில் வேலை செய்தது. "எங்ககிட்ட முந்நூத்தி நாப்பது இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன், நீங்க அப்படியே கேளுங்க. முதல்ல, மெஷின் சுத்தும்போது ஏன் இடம் விட்டு நகருதுன்னு கேளுங்க."

அந்தப் பக்கம் போனை எதன்மேலோ வைக்கிற சத்தம். தூரத்தில் அந்த அம்மாளின் குரல், கேள்வியைப் பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அம்மாவின் நகம் டீச்சரின் கையில் பதிந்தது.

மறுபடி போனை எடுக்கும் சத்தம்.

"பையைக் கீழே வச்சுட்டார்" என்று அந்த அம்மாள் கிசுகிசுத்தார். "அடுத்ததைச் சொல்லுங்க, சீக்கிரம்."